பாட்டோடு வாழ்ந்த அம்மாவின் நினைவைத் தொகுப்பது எப்படி

எண்பது தொண்ணூறு வயதுவரை நிறைவாக வாழ்ந்த ஓர் அம்மா மறைந்ததும் வீட்டார் எழுதும் அஞ்சலியில் பெரும்பாலும் இந்த ஒரு வரி இருக்கும்: "சங்கீதத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர்." இது யாருக்கும் பொருந்தும் வரி. எந்தச் சுருதியில் பாடினார், எந்தப் பாட்டை யாரிடம் கற்றார், அடுப்படியில் எதை முணுமுணுத்தார், கொலுவுக்கு வந்தவர்கள் எதைப் பாடச் சொன்னார்கள், எந்த வயதில் பாடுவதை நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பவையே அவருக்கு மட்டும் உரியவை.

இந்தச் செய்தியெல்லாம் இப்போது நான்கு இடங்களில் இருக்கிறது. அவருடைய கைபேசி, வயதானவர்களின் ஞாபகம், கேசட்டுகள், பாட்டு நோட்டுகள். நான்கும் அழியக்கூடியவைதான், ஆனால் ஒரே வேகத்தில் அழிவதில்லை. கைபேசி சில வாரங்களில் போய்விடலாம். ஞாபகம் சில மாதங்களில் மங்கலாம். கேசட் சில வருடங்கள் தாங்கும். நோட்டு பூச்சி அரிக்காவிட்டால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். வேலையை இந்த வரிசையில்தான் செய்ய வேண்டும். பெரும்பாலான வீடுகளில் நோட்டிலிருந்து தொடங்குகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் அத்தை ஒருவர் போய்விடுகிறார், கைபேசி பேரனுக்குப் போய்விடுகிறது.

முதல் பத்து நாளில்

அவருடைய கைபேசியை யாரும் அழித்துப் புதிதாக்க வேண்டாம். சிம்முக்குத் தொடர்ந்து ரீசார்ஜ் செய்யுங்கள், இல்லையென்றால் சில மாதங்களில் எண் முடங்கி வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் செய்திகளில் பாட்டு இருக்கும். பேத்திக்குப் பிறந்த நாள் வாழ்த்து, தங்கைக்கு "இந்த இடத்தில் சங்கதி இப்படி" என்று பாடிக் காட்டியது போன்றவை. ஒவ்வொரு உரையாடலையும் திறந்து, ஊடகக் கோப்புகளோடு ஏற்றுமதி செய்யுங்கள். ஆண்ட்ராய்டு கைபேசி என்றால் வாட்ஸ்அப் கோப்புறைக்குள் குரல் செய்திகளுக்குத் தனிக் கோப்புறை உண்டு. அதை அப்படியே கணினிக்கு நகலெடுக்கலாம். பெற்றுக்கொண்டவர்களிடமும் கேளுங்கள், ஏனெனில் அவர் அழித்தது அவர்களிடம் இருக்கலாம்.

சுருதிப் பெட்டியை யாரும் தொடுவதற்கு முன் அதன் குமிழ் எந்தக் கட்டையில் (சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு) நிற்கிறது என்று படம் எடுங்கள். அது அவர் கடைசியாகப் பாடிய சுருதி. ஒரு குழந்தை திருப்பிவிட்டால் அந்தச் செய்தி முடிந்தது. டேப் ரெக்கார்டருக்குள் கேசட் இருந்தால், அது எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்றும் படம் எடுத்துவிட்டே வெளியே எடுங்கள். பாட்டு நோட்டுகள் அலமாரியில் எந்த வரிசையில் இருந்தனவோ அப்படியே கட்டிவையுங்கள். அடிக்கடி எடுத்த நோட்டு கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், அதுவும் ஒரு தகவல்தான்.

பெரியவர்களிடம் கேட்பது

அப்பா இருந்தால் அவர்தான் முதல். பிறகு அம்மாவின் கூடப் பிறந்தவர்கள், நாத்தனார், பழைய தெருவின் பக்கத்து வீட்டுக்காரர்கள், கூடப் பாட்டுக் கற்றவர்கள். காலை உணவுக்குப் பின் ஒன்பது மணியிலிருந்து பதினோரு மணிக்குள் உட்காருங்கள். ஒரு முறைக்கு அரை மணி நேரம், மிஞ்சினால் நாற்பது நிமிடம். அதற்குமேல் போனால் சோர்வில் "எல்லாம் நன்னா பாடுவா" என்ற பொதுப்பேச்சு வந்துவிடும்.

கைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின் மேல், பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். மேசைமேல் நேராக வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடிபோல் விழும். மின்விசிறியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் குறையுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், அம்மாவுக்கு என்ன உறவு என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.

"அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்ற கேள்வி வேலைக்கு ஆகாது. எல்லோரும் பிரபலமான இரண்டு பாட்டைச் சொல்வார்கள். செயலோடு சேர்த்துக் கேளுங்கள். விளக்கேற்றும்போது என்ன பாடுவார், தூளி ஆட்டும்போது, பெண் பார்க்க வந்தபோது என்ன பாடச் சொன்னார்கள், மாமியார் முன் பாடினாரா, ரேடியோ எந்த அறையில் இருந்தது, கச்சேரிக்கு யாரோடு போவார், யார் துணைக்கு வந்தார்கள். இன்னும் நல்ல வழி, ஒரு பாட்டின் எடுப்பை நீங்களே பாடி நிறுத்திவிடுவது. பெரியவர்கள் தாமாக அடுத்த அடியைப் பாடிவிடுவார்கள். ஞாபக மறதி தொடங்கியவர்களிடம்கூடப் பேச்சைவிடப் பாட்டு கூடுதலாக மிஞ்சியிருப்பதுண்டு.

அப்பாவுக்கு அம்மாவின் பழைய கேசட்டைத் திடீரென்று போட்டுக் காட்டாதீர்கள். கேட்க விருப்பமா என்று முந்தின நாளே கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒரு மாதம் கழித்து அவரே கேட்பார். சம்மதித்தால், கலகலப்பான ஒரு பதிவிலிருந்து தொடங்குங்கள். மருத்துவமனைக் காலத்துப் பதிவு முதலில் வேண்டாம்.

கல்யாண நலங்கு, ஊஞ்சல், லாலி, ஆரத்தி, தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என்று பெண்களிடையே வாய்வழியாக வந்த பாட்டுகள் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரிடம் தாமதிக்காமல் போங்கள். கிருதிகள் (கச்சேரிகளில் பாடும் கீர்த்தனைகள்) அச்சில் இருக்கின்றன. உங்கள் ஊர் நலங்குப் பாட்டின் உங்கள் வீட்டு அடிகள், மாப்பிள்ளை வீட்டாரைக் கேலி செய்யும் வரிகள், வேறு எங்கும் இல்லை. பாடுபவரை அவசரப்படுத்தாமல் முழுதாக ஒரு முறை பாட விடுங்கள். பிறகு வரி வரியாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். பாடும்போது வருவதும் சொல்லும்போது வருவதும் வேறுபடும், இரண்டையும் குறியுங்கள்.

கேசட்டுகள்

இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது, திருத்த முடியாத தவறுகளும் இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில் எல்லாக் கேசட்டுக்கும் எண் போடுங்கள். ஒரு நோட்டில் மூன்று பத்திகள்: எண், உறையிலும் சீட்டிலும் எழுதியிருப்பது (எழுத்துப் பிழையோடு அப்படியே), உள்ளே உண்மையில் இருப்பது. மூன்றாவது பத்தி இப்போதைக்குக் காலி. சீட்டில் ஒரு வித்வானின் பெயர் இருக்கும், உள்ளே பதினைந்து நிமிடம் கச்சேரி ஓடியபின் அம்மா பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அதனால் சீட்டைப் பார்த்து எதையும் தூக்கி எறியாதீர்கள். கடையில் வாங்கிய கேசட்டில்கூட மேல் ஓட்டையில் காகிதமோ செலோ டேப்போ ஒட்டியிருந்தால், அதன்மேல் வீட்டில் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த மேல் ஓட்டைகளைத்தான் அடுத்து கவனிக்க வேண்டும். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு பக்கமும் சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மேலே பதிய முடியாது. ஓட்டுவதற்கு முன் இரண்டையும் உடைத்துவிடுங்கள், ஒட்டியிருக்கும் செலோ டேப்பையும் எடுத்துவிடுங்கள். பழைய ரெக்கார்டரில் பிளே பொத்தானுக்கும் ரெக்கார்ட் பொத்தானுக்கும் ஒரு விரல் தூரம்தான்.

பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைப் பூஞ்சை படிந்திருந்தால் ஓட்டவே வேண்டாம். பொடி ரெக்கார்டருக்குள் போய் அடுத்த கேசட்டையும் கெடுக்கும், உங்கள் மூச்சுக்கும் நல்லதல்ல. அதைத் தனி உறையில் போட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கேசட்டின் திறந்த விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னால், தாமிரத் தகட்டின்மேல் ஒட்டிய சிறு பஞ்சு இருக்க வேண்டும். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி மங்கி வரும். திருகாணி உள்ள ஒரு புதிய கேசட் ஓட்டுக்குள் நாடாவை மாற்றினால் சரியாகும். ஓடு ஒட்டப்பட்டதாக இருந்தால் கத்தி முனையால் விளிம்பில் மெல்லப் பிளக்க வேண்டும், நாடாவைச் சுருளோடு தூக்கி வைக்க வேண்டும், விரல் நாடாவில் படக்கூடாது.

சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், சி-90 என்றால் 45. சி-120 நாடா மிக மெல்லியது, எளிதில் சிக்கும். அதை வேகமாக முன்னும் பின்னும் சுற்றாமல் பிளேயிலேயே ஓட்டுங்கள். மற்றவற்றை ஒரு முறை முழுக்க முன்னால் சுற்றி, திரும்பப் பின்னால் சுற்றிவிட்டு ஓட்டுவது நல்லது. முப்பது வருடம் அசையாமல் கிடந்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

கருவி: கேசட்டைக் கணினிக்கு மாற்றும் என்று விற்கும் மலிவான கைக்கடக்கப் பெட்டிகளை வாங்காதீர்கள். அவற்றின் மோட்டார் சீராகச் சுற்றாது. கார்வையில் (நீட்டிப் பிடிக்கும் இடத்தில்) நிற்கும் பஞ்சமம் ஆடும், அது அம்மாவின் தவறுபோல் கேட்கும். பழைய டேப் டெக் ஒன்றை வாங்கி, உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். பல வருடம் ஓடாத கருவியில் பெல்ட் தளர்ந்திருக்கும் அல்லது பிசினாகியிருக்கும். உருளையை அழுத்தும் ரப்பர் சக்கரம் பளபளப்பாக இருந்தால் அதையும் மாற்றுங்கள், நாடாவைத் தின்பது அதுதான். சென்னை ரிச்சி தெருவில் பழுது பார்ப்பவர்களிடம் விசாரியுங்கள். ஒலித்தலையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், நான்கைந்து கேசட்டுக்கு ஒரு முறை. ரப்பருக்கு அந்த ஆல்கஹால் அடிக்கடி கூடாது. சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுப் போதும்.

டெக்கின் லைன் அவுட் எனும் ஒலி வெளியேறும் துளையிலிருந்து ஒரு யுஎஸ்பி ஒலி இடைமுகம் வழியாகக் கணினிக்கு வாருங்கள். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி உடையும். ஒலிபெருக்கியின் முன் கைபேசியை வைத்துப் பதிவது கடைசி வழி. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அமைப்பு 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச ஒலி −6 டெசிபலுக்கு மேல் போகாமல் பாருங்கள். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் ஆகும். நாற்பது சி-90 கேசட் இருந்தால் அறுபது மணி நேரம், ஏறத்தாழ 62 ஜிபி. டால்பி (இரைச்சல் குறைக்கும் வசதி) பொத்தான் அணைந்திருக்கட்டும், வீட்டுப் பதிவுகள் பெரும்பாலும் டால்பி இல்லாமல் பதிந்தவை.

ஒலி கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருந்தால் நாடா கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பதிந்த ரெக்கார்டரின் ஒலித்தலை சற்றே சாய்ந்திருந்திருக்கும், உங்கள் டெக்கின் தலை நேராக இருக்கிறது, காரணம் அவ்வளவுதான். ஒலித்தலையின் ஒரு பக்கத்தில் சுருள்வில்லோடு ஒரு சிறு திருகாணி இருக்கும். இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டுக்கொண்டே அதை மிக மெதுவாகத் திருப்புங்கள், மொத்தம் கால் சுற்றுக்குமேல் தேவைப்படாது. நாடாவின் இரைச்சலும் 'ச', 'ஸ' ஒலிகளும் திடீரென்று கூர்மையாகும் இடம் ஒன்று உண்டு, அங்கே நிறுத்துங்கள். ஒரே ரெக்கார்டரில் பதிந்த எல்லாக் கேசட்டுக்கும் அதே நிலை பொருந்தும். ஆகவே அவற்றைக் கூட்டமாகச் செய்யுங்கள். பேட்டரி ரெக்கார்டரில் பதிந்த கேசட், கடைக் கேசட், வேறு வீட்டில் பதிந்தது என்று மாறும்போது மீண்டும் பாருங்கள்.

வேகம்தான் அடுத்த சிக்கல், இசைக்கு இதுவே பெரிது. பேட்டரி தீரும் நிலையில் பதிந்த நாடா, நல்ல டெக்கில் ஓடும்போது வேகமாகவும் உச்ச சுருதியிலும் கேட்கும். பக்கம் முடிய முடிய இன்னும் ஏறும். அரைக் கட்டை என்பது ஏறத்தாழ 6 சதவீத வேகம். அம்மா ஐந்து கட்டையில் பாடுபவர் என்றால், ஐந்தரையில் கேட்கும் பதிவைச் சந்தேகிக்கலாம். ஆனால் சுருதிப் பெட்டியின் குமிழை மட்டும் நம்பி 1982ஆம் வருடத்துப் பதிவைத் திருத்தாதீர்கள். வயதாக ஆகப் பெண்களின் சுருதி இறங்கும். நாற்பதில் ஐந்தரை கட்டையில் பாடியவர் எழுபத்தைந்தில் நாலில் பாடுவது இயல்பு. அந்தந்தக் காலத்துச் சுருதியை, கூடப் பாடியவர்களைக் கேட்டோ, நோட்டின் ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தோ முடிவு செய்யுங்கள்.

மின்சாரத்தில் ஓடிய ரெக்கார்டரில் பதிந்திருந்தால் இன்னொரு சாட்சி இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரமும் 100, 150 ஆகிய மடங்குகளும் பதிவுக்குள் மெல்லிதாக இருக்கும். யாரும் பாடாத சில நொடிகளைத் தேர்ந்து ஆடாசிட்டியின் அலைமாலைப் (ஸ்பெக்ட்ரம்) பகுப்பாய்வில் பாருங்கள். 100 இருக்க வேண்டிய இடத்தில் 104 இருந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது, வேகத்தை 3.8 சதவீதம் குறைக்க வேண்டும். உங்கள் டெக்கின் சொந்த ரீங்காரம் சரியாக 50, 100-இல் நிற்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். நாடாவை நிறுத்திவிட்டுச் சில நொடி பதிந்தால் எது எதுவென்று தெரியும். அந்தக் காலத்தில் மின்சாரத்தின் அதிர்வெண்ணே 50-க்குச் சற்றுக் கீழே ஓடியதுண்டு. எனவே இதையும் காதையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். திருத்தும்போது வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கருவியைப் பயன்படுத்துங்கள். சுருதியை மட்டும் மாற்றும் கருவி குரலின் தன்மையைச் சிதைத்துவிடும்.

இந்தத் திருத்தமெல்லாம் நகலில்தான். மூலக் கோப்பில் இரைச்சலைக்கூட நீக்காதீர்கள். இரைச்சல் நீக்கியை அழுத்திப் போட்டால் தம்புராவின் கார்வை முதலில் போகும், பிறகு குரலில் மூச்சு போகும், மிஞ்சுவது தண்ணீருக்குள் பாடியதுபோல் இருக்கும். இடையில் வரும் குக்கர் விசில், தெருவில் கீரைக்காரர் குரல், "அடுப்பைப் பாரு" என்று அம்மா பாட்டை நிறுத்திச் சொல்வது, எதையும் வெட்ட வேண்டாம். வீட்டின் ஒலி அதுதான்.

இசைத்தட்டுகளைப் பற்றிச் சுருக்கமாக. கடையில் வந்த தட்டுகளை மாற்றுவதில் நேரம் செலவழிக்காதீர்கள், அவை பலரிடம் இருக்கும். தட்டின் எண்ணையும் உறையில் அம்மா எழுதிய குறிப்பையும் மட்டும் படம் எடுங்கள். 78 சுற்றுத் தட்டைச் சுத்தம் செய்ய ஆல்கஹால் போடவே கூடாது. அது அரக்குத் தட்டு, ஆல்கஹாலில் கரையும்.

பாட்டு நோட்டுகள்

ஒவ்வொரு பக்கத்தையும் வண்ணத்தில், 400 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் செய்தால் பென்சில் திருத்தமும் சிவப்பு மையில் போட்ட தாளக் குறியும் மறைந்துவிடும். தையல் இறுகிய நோட்டை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். அதற்குப் பதிலாக, காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரம் கறுப்புத் துணிமேல் வைத்து, பிளாஷ் இல்லாமல் மேலிருந்து படம் எடுங்கள். அட்டை, வெற்றுப் பக்கம், பின்னாலிருந்து திருப்பி எழுதிய பால் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் வேண்டும். பாட்டில் தேதி இருக்காது, பால் கணக்கில் இருக்கும்.

காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் உதவும். நோட்டின் விலை அணாவில் இருந்தால் அச்சான காலம் 1957 ஏப்ரலுக்கு முன். "ந.பை." என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். கடை முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "மதராஸ் மாநிலம்" என்று முகவரி இருந்தால் 1969-க்கு முன் அச்சடித்திருக்கலாம். நோட்டு அச்சான காலம் வேறு, எழுதிய காலம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். பரண்மேல் கிடந்த நோட்டைப் பத்து வருடம் கழித்து எடுத்து எழுதுவது சாதாரணம். எழுத்து வடிவத்தை வைத்து மட்டும் கணிக்காதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் பழைய 'லை', 'ணை', 'றா' வடிவங்களைக் கடைசிவரை எழுதினார்கள்.

படியெடுக்கும்போது எதையும் திருத்தாதீர்கள். தெலுங்கு, சமஸ்கிருத சாகித்தியங்களை (பாட்டு வரிகளை) காதால் கேட்டுத் தமிழில் எழுதியிருப்பார். அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் பிழை போலத் தெரியும். அந்தப் "பிழை" அவர் குரு எப்படி உச்சரித்தார் என்பதற்குச் சாட்சி. வடமொழி ஒலி வேறுபாட்டைக் காட்ட க என்பதன்மேல் 2, 3, 4 என்று எண் போட்டிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஸ்வரங்களில் மேல் புள்ளி, கீழ்ப் புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாமே காலத்தையும் ஸ்தாயியையும் காட்டுபவை. தட்டச்சு செய்பவருக்குச் சங்கீதம் தெரியாவிட்டால் முதலில் இவைதான் காணாமல் போகும். பாடாந்தரம் (குரு வழியில் வந்த பாட்டு வடிவம்) வேறுபட்டால் ஓரத்தில் "அச்சில் இப்படி" என்று குறித்தால் போதும்.

ஒரு நோட்டில் கிருதி இருக்கும், அடுத்ததில் சினிமாப் பாட்டு இருக்கும், இன்னொன்றில் தேவாரமோ தேவாலயக் கீர்த்தனையோ இருக்கும். பட்டியல் போடும்போது பிள்ளைகள் சினிமாப் பாட்டு நோட்டை ஒதுக்கிவிடுகிறார்கள், கௌரவம் கருதி. அது தவறு. பக்கம் கிழிந்து எண்ணெய்க் கறை படிந்திருப்பது பெரும்பாலும் அந்த நோட்டில்தான். கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்கள் நடுவே செருகியிருந்தால் அவையும் சேரட்டும்.

கிழிந்த தாளுக்குச் செலோ டேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவதானால் கேசட்டும் படமும் இருக்கும் பெட்டியில் போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும். காற்றோட்டமான மர அலமாரி, உலர்ந்த துணிப்பை, வருடத்துக்கு இரண்டு முறை புரட்டிப் பார்ப்பது. இதுவே போதும்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதுவது

பெரிய புத்தகம் வேண்டாம். 1,000 முதல் 1,500 சொல் வரை எழுதினால் வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். வருட வாரியாக எழுதத் தொடங்கினால் திருமணத்துக்குப்பின் பேனா நின்றுவிடும். வீடு வாரியாக எழுதுங்கள். பிறந்த வீடு, புகுந்த வீடு, கணவருக்கு மாற்றலான ஊர்கள், சொந்த வீடு, பிள்ளை வீடு. குடும்பத்தாருக்கு வருடம் ஞாபகம் இருக்காது, வீடு ஞாபகம் இருக்கும். "அந்த மாடி வீட்டில் இருந்தபோது" என்றதும் பத்துப் பாட்டு வரும். வருடங்களைப் பிறகு பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், மாற்றல் உத்தரவு, ரேஷன் அட்டை ஆகியவற்றிலிருந்து பொருத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு கேள்விக்குப் பதில் இருக்கட்டும்: பாட்டு எங்கிருந்து வந்தது (வாத்தியார், ரேடியோ, கோயில், அண்டை வீடு), எப்போது பாடினார், யார் கேட்டார்கள், எது தடுத்தது. கடைசிக் கேள்வியைத் தவிர்க்காதீர்கள். கல்யாணத்தோடு பாட்டை நிறுத்தியவர்கள் ஏராளம். மாமனார் வீட்டில் பெண் குரல் வெளியே கேட்கக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால் அதை எழுதுங்கள். வானொலித் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கிவைத்துப் போடாமல் விட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும். அதை மறைத்து "குடும்பமே அவர் மேடை" என்று எழுதுவது அவர் இழந்ததை இரண்டாம் முறை பறிப்பது.

அவர் பெயரை எழுதுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்பது இரண்டாவது வரியில் வரட்டும். பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்களும், அவர் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாரோ அவர்களின் பெயர்களும் தனியாக ஒரு பக்கம் இருக்கட்டும். தெருப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் சரளி வரிசை சொல்லிக்கொடுத்திருந்தால், அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கேளுங்கள். அவர்களுடைய வரிசை நோட்டில் அம்மாவின் கையெழுத்து இருக்கலாம்.

படங்களின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையில் ஊர் இருக்கும். பெயர் எழுதுவதானால் மெல்லிய பென்சிலில், ஓரத்தில். பேனா முன்பக்கம் ஊறும்.

நினைவு மாலை

பதிமூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ வேண்டாம். சடங்கும் சாப்பாடும் இருக்கும், தொண்டை அடைத்துப் பாட முடியாது. முதல் ஆண்டுத் திதியை ஒட்டியோ அவருடைய பிறந்த நாளிலோ வையுங்கள். தொண்ணூறு நிமிடத்துக்குமேல் போக வேண்டாம். எட்டுப் பாட்டு, மூன்று பேச்சு, ஒரு பேச்சுக்கு நான்கு நிமிடம். பாட்டுகள் அவர் பாடியவையாக மட்டும் இருக்கட்டும், அவர் கற்ற வரிசையிலேயே. முதல் பாட்டு அவர் முதலில் கற்றது, கடைசிப் பாட்டு மங்களம்.

பாடுபவர்களின் சுருதி ஒத்துவராது. அத்தை ஐந்து, சித்தப்பா ஒன்றரை, பேத்தி ஆறு. ஒவ்வொருவரையும் முந்தின நாளே பாட வைத்துக் கட்டையைக் குறித்துக்கொண்டு, ஒரே சுருதிக்காரர்களை அடுத்தடுத்துப் போடுங்கள். சுருதி மாற்ற ஒவ்வொரு முறையும் நிற்பதுதான் இத்தகைய கூட்டங்களைச் சோர்வாக்குகிறது.

அம்மாவின் குரலை ஒரே ஒரு முறை, நான்கைந்து நிமிடம், நடுவில் ஒலிக்கவிடுங்கள். முடிவில் வைத்தால் அதற்குப்பின் யாராலும் மங்களம் பாட முடியாது. தொடக்கத்தில் வைத்தால் அடுத்துப் பாடுபவர் நடுங்குவார். முன்னால் ஒருவர் சொல்லிவிட வேண்டும்: எந்த வருடம், எந்த வீடு, அப்போது வயது என்ன. அப்பாவுக்கு அருகில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும். பதிவைக் கூடத்தின் ஒலிபெருக்கியில் முந்தின நாளே போட்டுப் பாருங்கள். ஹெட்போனில் கேட்காத ரீங்காரம் கூடத்தில் எழும். மோனோவாக்கி, முதலிலும் முடிவிலும் இரண்டு நொடி மெல்ல ஏறி இறங்கும்படி வையுங்கள்.

கையில் கொடுக்கும் தாளில் பாட்டின் முதல் அடி, ராகம், தாளம், யாரிடம் கற்றது என்ற நான்கு மட்டும். வானொலியிலோ சபாவிலோ பதிந்த பிறருடைய கச்சேரிகள் அம்மாவின் கேசட்டில் இருந்தால் அவற்றைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், உரிமை அவர்களுடையது. அம்மா பாடியதை இணையத்தில் ஏற்றுவதற்குப் பிள்ளைகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தயங்கினாலும் காத்திருங்கள்.

வாத்தியமும் கோப்புகளும்

தம்புராவையோ வீணையையோ வாசிக்காமல் வைக்கும்போது தந்திகளை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள், முழுக்கக் கழற்ற வேண்டாம். இழுவை நின்றால் குதிரை நகரும். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை, ஓட்டு வீட்டுப் பரணிலும் பூட்டிய காரிலும் மெழுகு இளகி மெட்டு சாயும். தம்புராவின் ஜீவாளி நூல் (நாதத்துக்காகத் தந்திக்கடியில் வைப்பது) இன்னும் குதிரைமேல் இருந்தால், எந்த இடத்தில் நின்றது என்று படம் எடுத்த பிறகே துடையுங்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்து மாலை போடுவதைவிடக் கற்றுக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் கொடுப்பது வாத்தியத்துக்கு நல்லது. அதிரும் மரம் கெடாமல் இருக்கும்.

கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், இரண்டு ஊர்களில். பென் டிரைவை நம்ப வேண்டாம், தனி வன்தட்டுகளே நல்லது. ஒன்று உங்களிடம், ஒன்று வெளியூர்ச் சகோதரியிடம், ஒன்று மேகச் சேமிப்பில். கோப்புப் பெயர் எண்ணில் தொடங்கட்டும்: வருடம், மாதம், கேசட் எண், பக்கம். வருடம் தெரியாவிட்டால் 0000. சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை போன்ற அச்சுப் பொருள்கள் நிறைய இருந்தால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். இலங்கைக் குடும்பமாக இருந்தால் 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் எண்ணிம நூலகம் உண்டு. கொடுப்பதற்கு முன் பட்டியலை அனுப்புங்கள், பெட்டியோடு போய் நிற்காதீர்கள்.

வன்தட்டு அலமாரியில் கிடந்தபடியே செத்துப்போகும், வெளியே தெரியாது. அதனால் வருடத்துக்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். திதி நாள் என்றால் மறக்காது. சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு தட்டையும் மாறி மாறிச் செருகி, போன வருடம் போடாத ஒரு கோப்பைத் திறந்து முழுக்க ஓடவிடுங்கள். ஓடுகிறதா என்பது தெரிந்துவிடும். இது எந்த வீட்டில் பாடியது என்று யாராவது அப்போது சொல்வார்கள்; அதைக் கேசட் நோட்டின் மூன்றாவது பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.